அன்றைய செய்தியும் அன்றைய வாசகமும்



ஒவ்வொரு நாள் காலையிலும் இரண்டு செய்திகள் நமது இல்லங்களுக்கென ஆயத்தமாக இருக்கின்றன. ஒன்று, நாட்டிலும் உலகிலும் நடந்தவற்றைக் கூறும் செய்தி. முன்னர் பத்திரிகையாகவும் வானொலியாகவும் வந்த அது, இன்று கைத்தொலைபேசியின் வழியாக, நாம் படுக்கையை விட்டு எழுமுன்னரே நம்மை வந்தடைந்துவிடுகின்றது. மற்றையது, திருச்சபை அந்த நாளுக்கெனக் குறித்துத் தந்திருக்கும் இறைவார்த்தை. முதலாவது நம்மைத் தேடி வருகின்றது. இரண்டாவதையோ நாம் தேடிச்சென்று திறக்க வேண்டியிருக்கின்றது. இதனாலேயே பல கத்தோலிக்க இல்லங்களில் முதலாவது முழுமையாக வாசிக்கப்படுகின்றது; இரண்டாவது ஞாயிறு வரை காத்திருக்கின்றது.

இவ்விரண்டில் எது மற்றையதற்கு விளக்கம் தருகின்றது என்பதே நாம் சிந்திக்க வேண்டிய வினாவாகும். செய்தியின் ஒளியில் இறைவார்த்தையை வளைத்துப் பொருள் கொள்கின்றோமா? அல்லது இறைவார்த்தையின் ஒளியில் செய்தியைப் படித்து, நாம் செய்ய வேண்டியதைக் கண்டுகொள்கின்றோமா? அண்மைக்கால இலங்கையின் சில நாட்களை, அந்நாட்களுக்குரிய திருப்பலி வாசகங்களோடு இணைத்து நோக்குவதன் மூலம் இவ்வினாவுக்கு விடைகாண முயல்வோம்.

புயல் வந்த வாரத்து வாசகங்கள்

2025 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் 'டித்வா' சூறாவளி நமது நாட்டைத் தாக்கியது. நவம்பர் 28 ஆம் திகதி கிழக்குக் கரையினூடாக நாட்டினுள் புகுந்த அப்புயலோடு வந்த பெருமழையினால் ஆறுகள் கரைபுரண்டன. மலைச்சரிவுகள் பெயர்ந்து வீடுகளின் மேல் விழுந்தன. கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை, கேகாலை எனப் பல மாவட்டங்களில் குடும்பங்கள் முழுமையாகப் புதையுண்டன. 600 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலையகத்தின் தோட்டப்புறங்களிலே பலர் ஒரே இரவில் உற்றாரையும் உறைவிடத்தையும் இழந்தனர்.

அவ்வாரம் திருவழிபாட்டு ஆண்டின் இறுதி வாரமாக அமைந்திருந்தது. 27 ஆம் திகதி வியாழக்கிழமை நற்செய்தி வாசகம் (லூக்கா 21:20-28), கடலின் கொந்தளிப்பினால் மக்களினங்கள் கலங்கி நிற்பதைப் பற்றிப் பேசியது. புயல் கரைசேர்ந்த வெள்ளிக்கிழமை முதல் வாசகத்திலே (தானியேல் 7:2-14) வானத்தின் நான்கு காற்றுகளும் பெருங்கடலைக் கிளறிவிடும் காட்சி இடம்பெற்றது. சனிக்கிழமை வாசகம் (லூக்கா 21:34-36) விழிப்பாயிருந்து மன்றாடுமாறு அழைத்தது. 30 ஆம் திகதி, திருவருகைக்காலத்தின் முதலாம் ஞாயிறன்று, உலகெங்குமுள்ள ஆலயங்களில் வாசிக்கப்பட்டது நோவாவின் காலத்து வெள்ளப்பெருக்கை ஆண்டவர் இயேசு நினைவூட்டும் பகுதியாகும் (மத்தேயு 24:37-44).

வீட்டினுள் புகுந்த சேற்றை வாரிக் கொட்டிவிட்டு வந்து அந்த வாசகத்தைக் கேட்டவர்களின் உள்ளம் எவ்வாறு இருந்திருக்கும்? கேட்பதற்கு ஆலயத்திற்கே வரமுடியாமல் பாடசாலைக் கட்டடங்களில் தங்கியிருந்தோர் எத்தனை பேர்? இத்தகைய வேளையில்தான் இறைவார்த்தையைச் சரியாக வாசிக்கத் தெரிந்திருப்பது எவ்வளவு இன்றியமையாதது என்பது வெளிப்படுகின்றது. ஏனெனில், இதே வாசகங்கள் தவறாகவும் வாசிக்கப்படக்கூடியவை.

இது முன்னறிவிப்பா?

வாசகமும் நிகழ்வும் இவ்வாறு ஒத்துப்போகும்போது, 'கடவுள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்' எனச் சிலர் வியப்பது இயல்பு. அந்த வியப்பிலிருந்து, 'இது கடவுள் தந்த தண்டனை' என்னும் முடிவுக்குச் செல்வதும் எளிது. பேரிடர்கள் நேரும்போதெல்லாம் இத்தகைய விளக்கங்கள் காணொளிகளாகவும் குரற்பதிவுகளாகவும் கைக்குக் கை மாறுவதை நாம் அறிவோம்.

ஆயினும் உண்மை என்ன? இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின்னர், 1969 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட வாசக ஒழுங்கின்படியே நாம் இன்றும் வாசகங்களைக் கேட்கின்றோம். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியிலும், பொதுக்கால வாரநாட்களின் முதல் வாசகங்கள் இரண்டு ஆண்டுச் சுழற்சியிலும் அமைந்துள்ளன. பொதுக்கால வாரநாட்களின் நற்செய்தியோ ஆண்டுதோறும் ஒன்றேயாகும். எனவே லூக்கா நற்செய்தியின் 21 ஆம் அதிகாரம், புயல் வந்தாலும் வெயில் எறித்தாலும், திருவழிபாட்டு ஆண்டின் இறுதி வாரத்தில் நம் செவிகளில் விழுந்தே தீரும். அவ்வாசகங்கள் அதே நாளில் மழையே பெய்யாத நாடுகளிலும் வாசிக்கப்பட்டன. மேலும், நவம்பர் மாதம் நமது தீவுக்குப் புயல்களின் காலமாகும். 1978 ஆம் ஆண்டு மட்டக்களப்பைச் சிதைத்த பெரும் சூறாவளி வந்ததும் நவம்பர் மாதத்திலேயே.

ஆகவே வாசக ஒழுங்கு சோதிட ஏடு அன்று. அது நாளை நடக்கப்போவதை நமக்குச் சொல்வதற்காகத் தொகுக்கப்படவில்லை; நாளை எது நடந்தாலும் அதனை நம்பிக்கையோடும் அன்போடும் எதிர்கொள்ளும் மனிதராக நம்மை உருவாக்குவதற்காகத் தொகுக்கப்பட்டுள்ளது. இவ்வேறுபாட்டை உணராதவரை, நாளாந்த வாசிப்பும் ஒருவகை மூடநம்பிக்கையாக மாறிவிடும் ஆபத்து உண்டு.

நோவாவின் காலத்து மக்கள் செய்த தவறு

அந்த ஞாயிறு நற்செய்தியைச் சற்று நிதானித்து வாசிப்போம். நோவாவின் காலத்து மக்களைப் பற்றி இயேசு கூறும்போது, அவர்களுடைய கொடிய பாவங்களின் பட்டியல் எதனையும் தரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அவர்கள் உண்டார்கள், குடித்தார்கள், திருமணம் செய்தார்கள் என்றே கூறுகின்றார். இவை யாவும் இயல்பான வாழ்க்கையின் செயல்கள். ஆண்டவர் இங்கே சுட்டிக்காட்டும் குறை அவர்களது கவனமின்மையாகும். வெள்ளம் வரும்வரை அவர்கள் எதனையும் உணரவில்லை. நோவாவோ கேட்ட வார்த்தைக்குச் செவிமடுத்து, வானம் வெளுத்திருந்த காலத்திலேயே மரத்தை வெட்டிப் பேழையைச் செய்தார்.

எனவே இப்பகுதி இறந்தவர்களை நோக்கி நீட்டப்படும் விரல் அன்று. உயிரோடிருக்கும் நம்மை நோக்கிய அழைப்பு. இவ்விளக்கத்தை ஆண்டவரே வேறோர் இடத்தில் உறுதிப்படுத்துகின்றார். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் எருசலேமில் வாழ்ந்த ஏனையோரைவிடக் குற்றவாளிகளா என அவர் வினவுகின்றார். இல்லை எனத் தாமே விடையும் தருகின்றார். அதே மூச்சில், கேட்டுக்கொண்டிருந்தவர்களை மனம் மாறுமாறு அழைக்கின்றார் (லூக்கா 13:4-5). துன்பப்பட்டவர் மீது பழி சுமத்துவதை அவர் மறுக்கின்றார். ஆனால் பார்த்துக்கொண்டிருப்பவர் மாறாமல் இருப்பதை அவர் ஏற்பதில்லை.

இந்த இரண்டு வசனங்களையும் கையிலேந்தி மலையகத்துச் செய்திகளைப் படிப்போமாயின் நம் கேள்விகள் மாறிவிடும். 'கடவுள் ஏன் இவர்களைத் தண்டித்தார்?' என்று கேட்கமாட்டோம். 'மண்சரிவு அபாயம் உள்ள இடங்களில் இவர்கள் ஏன் வாழ நேர்ந்தது?' என்று கேட்போம். 2023 ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் இந்நாட்டிற்கு வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடைபயணம் மேற்கொண்டனர். அந்தப் பயணத்தின் முதன்மையான கோரிக்கைகளுள் காணி உரிமையும் வீட்டுரிமையும் இருந்தன. சொந்த நிலம் இல்லாதவருக்குப் பாதுகாப்பான நிலத்தைத் தெரிவுசெய்யும் வாய்ப்பும் இல்லை. அபாய எச்சரிக்கைகள் எல்லா மக்களுக்கும் விளங்கும் மொழியில், உரிய நேரத்தில் சென்றடைகின்றனவா? எச்சரித்த பின்னர் அவர்கள் போவதற்கு ஓர் இடம் உண்டா? சீலோவாம் கோபுரத்தின் கீழ் நிற்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இவையே.

புனித யாக்கோபுவும் நம்மை விடுவதில்லை. உடையும் உணவும் இல்லாத சகோதரனிடம், குளிர்காய்ந்து பசியாறுமாறு வாழ்த்திவிட்டு வெறுங்கையோடு அனுப்பினால் அதனால் என்ன பயன் என்று அவர் கேட்கின்றார் (யாக்கோபு 2:15-16). பாதிக்கப்பட்டோருக்காகச் செபிக்குமாறு கேட்டு நூறு பேருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, ஒரு போர்வையையேனும் கொடாதிருந்தவருக்கு இவ்வசனம் இன்றும் கசப்பான மருந்தாகும்.

வேறு மூன்று நாட்கள்

இத்தகைய நாட்கள் நமக்குப் புதியவையல்ல. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் திகதியை எவர் மறப்பர்? அது ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருவிழா. குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்கு ஓடிய யோசேப்பைப் பற்றியதே அன்றைய நற்செய்தி (மத்தேயு 2:13-15, 19-23). அன்று காலை கடல் எழுந்து வந்து, இந்நாட்டில் மாத்திரம் 30,000 இற்கும் மேற்பட்டோரை வாரிச் சென்றது. இரண்டு நாட்களின் பின்னர், மாசில்லாக் குழந்தைகளின் விழாவன்று, தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதல் பெற மறுக்கும் இராகேலைப் பற்றிய வாசகத்தைத் திருச்சபை வாசித்தது (மத்தேயு 2:13-18). முல்லைத்தீவிலிருந்து அம்பாறை வரை அன்னையர் அழுதுகொண்டிருந்த நாள் அது. இராகேலுக்கு விரைவாக ஓர் ஆறுதல் வார்த்தையைச் சொல்லி வாயடைக்க நற்செய்தியாளர் முயலவில்லை. அவளது அழுகையை அப்படியே நற்செய்தியினுள் இடம்பெறச் செய்தார். துயருற்றவர் அழுவதற்கும் விசுவாசத்தில் இடமுண்டு என்பதை அறிய, இதைவிட வேறு சான்று வேண்டுமா?

2009 ஆம் ஆண்டு மே 17 ஆம் திகதி பாஸ்கா காலத்தின் ஆறாம் ஞாயிறு. நண்பர்களுக்காக உயிரைக் கொடுப்பதே அன்பின் உச்சம் என்று ஆண்டவர் கற்பிக்கும் பகுதியே (யோவான் 15:9-17) அன்றைய நற்செய்தி. முள்ளிவாய்க்காலிலே மக்கள் செத்துக்கொண்டிருந்த ஞாயிறு அது. மறுநாள் போர் முடிவுற்றது. இறுதிவரை மக்களோடு இருந்த குருக்களுள் ஒருவராகிய, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப், சரணடைந்தவர்களோடு சென்றார். அவருக்கு என்ன நேர்ந்தது என்பது இன்றுவரை வெளிப்படுத்தப்படவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 ஆம் ஆண்டு தொடங்கிய தொடர் போராட்டத்தின் நீண்ட பாதையிலே, பிள்ளையைக் காணாமலேயே கண்மூடிய பெற்றோர் பலர். அந்த ஞாயிறு வாசகத்தை நாம் மீண்டும் திறக்கும்போதெல்லாம், இந்த அன்னையரைக் கடந்து போக நமக்கு உரிமையில்லை.

2019 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்ப்பு ஞாயிறன்று, கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 28 ஆம் திகதி, நாடெங்கும் பொதுத் திருப்பலிகள் நிறுத்தப்பட்டிருந்தன. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை சிற்றாலயமொன்றில் ஒப்புக்கொடுத்த திருப்பலியை மக்கள் தத்தம் வீடுகளிலிருந்து தொலைக்காட்சியில் கண்டனர். அன்றைய நற்செய்தி யாது? அச்சத்தினால் கதவுகளை அடைத்துக்கொண்டிருந்த சீடர்களின் நடுவே உயிர்த்த ஆண்டவர் வந்து நின்று அமைதியை அளித்த நிகழ்வு (யோவான் 20:19-31). பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் இருந்தே அந்த வாசகத்தை நாம் கேட்டோம்.

அவ்வாசகத்தில் இரண்டு செய்திகள் சேர்ந்தே இருந்தன. ஆண்டவர் அமைதியைக் கொடுத்தார். அதேவேளை தமது காயங்களைக் காட்டினார். அந்த மே மாதத்திலே வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் குற்றமற்ற முஸ்லிம் மக்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, பழிவாங்குதல் கிறிஸ்தவனின் வழி அன்று என்பதை அந்த அமைதி நமக்கு நினைவூட்டியது. மறுபுறத்தில், காயத்தை மூடி மறைத்துவிட்டு அமைதி பேச முடியாது என்பதை அந்தத் தழும்புகள் கூறின. கடமை தவறியவர்கள் நட்டஈடு செலுத்த வேண்டும் என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில். உண்மையையும் நீதியையும் கேட்பது மன்னிப்புக்கு எதிரானதல்ல. காயங்களைக் காட்டிய ஆண்டவரே அதற்கு நமக்கு முன்மாதிரி.

செய்தி தெரிந்தும் முகம் வாடியவர்கள்

எம்மாவுக்குச் சென்ற சீடர் இருவரைப் பற்றிய பகுதி (லூக்கா 24:13-35) இவ்விடயத்தில் நமக்குச் சிறந்த பாடமாகும். அவர்கள் வழியிலே பேசிக்கொண்டு சென்றது அன்றைய நடப்புச் செய்தியைத்தான். எருசலேமில் நடந்தவற்றை அவர்கள் பிழையின்றி அறிந்திருந்தனர். யார் கைதுசெய்தார்கள், எவ்வாறு தீர்ப்பிட்டார்கள், பெண்கள் கல்லறையில் கண்டது என்ன என்பது வரை ஒன்றும் விடுபடவில்லை. ஆயினும் அவர்களுடைய முகம் வாடியிருந்தது. தகவல் நிறைந்திருந்தது, பொருள் விளங்கவில்லை. வழிப்போக்கராக வந்த ஆண்டவர் அவர்களுக்குப் புதிய செய்தி எதனையும் தரவில்லை. அவர்கள் அறிந்த அதே நிகழ்வை மறைநூலின் ஒளியில் விளக்கினார். உள்ளம் பற்றி எரிந்தது. அப்பம் பிட்கையில் கண் திறந்தது. அதன்பின் அவர்கள் உறங்கப் போகவில்லை. அந்த இரவிலேயே, ஆபத்து நிறைந்த எருசலேமுக்குத் திரும்பினார்கள்.

இன்றைய நமது நிலையும் அந்தப் பாதையின் முற்பகுதியை ஒத்ததே. நாம் அறியாத செய்தி இல்லை. காலை முதல் இரவு வரை பார்த்துக்கொண்டே இருக்கின்றோம். முகம் மட்டும் வாடிக்கொண்டே போகின்றது. செய்தியை மேலும் மேலும் பார்ப்பதனால் இந்த வாட்டம் தீராது. வழியிலே நம்மோடு நடப்பவர் மறைநூலைத் திறப்பதற்கு நாம் இடமளிக்க வேண்டும்.

எண்ணெய் வாங்கும் நேரம்

'துன்பம் வரும்போது விவிலியத்தைத் திறந்தால் போதாதா? நாள்தோறும் எதற்கு?' என்று கேட்போரும் உளர். பத்துக் கன்னியரின் உவமை (மத்தேயு 25:1-13) இதற்கு விடையளிக்கின்றது. மணமகன் வந்த நள்ளிரவிலே எண்ணெய் வாங்கப் புறப்பட்டவர்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டு மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் நாட்கணக்காக வரிசையில் நின்ற நமக்கு இந்த உவமையை விளக்கத் தேவையில்லை. தேவை வந்தபின் தேடினால் கிடைக்காதவை சில உண்டு. மண்சரிந்த இரவிலே, குண்டு வெடித்த காலையிலே, மருத்துவர் கெட்ட செய்தியைச் சொன்ன மாலையிலே, விவிலியத்தைப் புரட்டித் தேடுவதற்கு எவராலும் இயலாது. முன்னரே உள்ளத்தில் படிந்திருந்த வார்த்தை மாத்திரமே அவ்வேளையில் எழுந்து வந்து நம்மைத் தாங்கும்.

நமது முன்னோரின் வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. 1658 ஆம் ஆண்டு ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபோது கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். 1687 ஆம் ஆண்டு புனித யோசப் வாஸ் அடிகளார் இத்தீவில் வந்து கால்பதிக்கும் வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் விசுவாசிகள் மேய்ப்பரின்றி வாழ்ந்தனர். அக்காலத்தில் விசுவாசத்தைக் காத்தவை வீடுகளே. இரகசியமாக ஒன்றுகூடிச் செபித்த குடும்பங்களைத் தேடிக் கண்டே வாஸ் அடிகளார் தமது பணியைத் தொடங்கினார். அவரைத் தொடர்ந்து 1705 ஆம் ஆண்டு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், சிங்களத்திலும் தமிழிலும் நூல்களை எழுதிக் கொடுத்தார். மக்கள் தம் சொந்த மொழியில் இறைவனின் மீட்புச் செயலைக் கேட்டு உள்ளத்தில் பதித்துக்கொள்ள வேண்டும் என்பதே அவரது நோக்கமாயிருந்தது. அவர்களுக்கு முழு விவிலியம் கையில் இருக்கவில்லை. நமக்கோ 1995 ஆம் ஆண்டு வெளிவந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம் இல்லத்தில் இருக்கின்றது; பல வீடுகளில் கண்ணாடி அலுமாரியினுள் பத்திரமாகவே இருக்கின்றது.

விசுவாசிகள் யாவருக்கும் மறைநூல் தாராளமாகத் திறந்துவிடப்பட வேண்டும் என 1965 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வெளியிடப்பட்ட இறைவெளிப்பாடு பற்றிய சங்க ஏடு கேட்டுக்கொண்டது. 2019 ஆம் ஆண்டு, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறாக ஏற்படுத்தினார். அவ்வொரு நாள், ஆண்டு முழுவதும் நாள்தோறும் செய்ய வேண்டியதை நினைவூட்டுவதற்கே என்பதை மறக்கலாகாது.

வாக்குறுதி அட்டையும் வாசிப்பும்

ஒரு தெளிவு தேவை. காலையில் மலர்ப்படத்தின் மேல் எழுதிய ஒரு வசனத்தை வட்ஸ்அப்பில் பெற்று, அதைப் பத்துப் பேருக்கு அனுப்புவது இறைவார்த்தைச் சிந்தனை ஆகிவிடாது. கண்ணை மூடிக்கொண்டு விவிலியத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை அன்றைய பலனாகக் கொள்வதும் அவ்வாறே. இவற்றிலே நாம் விரும்பும் ஆறுதலை மாத்திரம் தெரிவுசெய்கின்றோம். ஆசீர்வாத வசனம் நாள்தோறும் வரும். அயலவனோடு ஒப்புரவாகிவிட்டு வந்து காணிக்கை செலுத்துமாறு கூறும் வசனம் (மத்தேயு 5:23-24) வருவதேயில்லை.

திருச்சபையின் வாசக ஒழுங்கின் பெரும் நன்மை இதுவே: அதனை நாம் தெரிவுசெய்வதில்லை. நாம் கேட்க விரும்பாததையும் அது நம் முன் வைக்கின்றது. சகோதரனோடு காணிப் பிணக்கில் நீதிமன்றம் ஏறும் நாளில், எழுபது தடவை ஏழு முறை மன்னிக்கும் வாசகம் வரலாம். சீதனம் பேசி முடித்த மாலையிலே, செல்வந்தனும் இலாசரும் வரலாம். அப்போது பக்கத்தைப் புரட்டிவிடாமல் நிற்பவனே இறைவார்த்தையால் வழிநடத்தப்படுபவன்.

இல்லத்தில் எவ்வாறு தொடங்குவது?

பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கர்த்தூசியன் துறவி இரண்டாம் குய்கோ, இறைவார்த்தையை நான்கு படிகளில் அணுகக் கற்பித்தார்: வாசித்தல், தியானித்தல், செபித்தல், இறைவனில் இளைப்பாறுதல். 2010 ஆம் ஆண்டு திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் வெளியிட்ட ஏடு இப்படிகளை மீண்டும் எடுத்துரைத்து, வாழ்வைப் பிறருக்குக் கொடையாக்கும் செயலுக்கு இட்டுச் செல்லாதவரை இம்முயற்சி நிறைவடைவதில்லை எனச் சேர்த்துக்கொண்டது. இதனைக் குடும்பத்தில் எளிமையாகக் கைக்கொள்ளலாம்.

மாலைச் செபமாலைக்குப் பின்னரோ, காலையில் வேலைக்கும் பாடசாலைக்கும் புறப்படுமுன்னரோ, கால்மணி நேரத்தை ஒதுக்குங்கள். திருவழிபாட்டு நாள்காட்டியில் அன்றைய நற்செய்தியின் எண்கள் உண்டு. பிள்ளைகளுள் ஒருவர் தெளிவாக, அவசரமின்றி வாசிக்கட்டும். இரண்டு நிமிடம் அமைதியாக இருங்கள். பின்னர் ஒவ்வொருவரும் தம்மைத் தொட்ட ஒரு சொல்லைக் கூறட்டும். அங்கே மறையுரை வேண்டாம், திருத்தமும் வேண்டாம். அப்பம்மாவுக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் அதே உரிமை உண்டு. அதன்பின், அன்றைய செய்திகளுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, 'இந்த வாசகத்தைக் கேட்ட நாங்கள் இதைப்பற்றி என்ன செய்யலாம்?' எனக் கேளுங்கள். விடை சிறியதாக இருக்கலாம்: ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு பொதி அரிசி, ஒரு மன்னிப்பு, அனுப்பாமல் அழித்துவிட்ட ஒரு வெறுப்புச் செய்தி. நிறைவாகச் செபித்து எழும்புங்கள்.

தந்தை வெளிநாட்டில் உழைக்கும் இல்லங்கள் நம்மிடையே பல. அதே கைத்தொலைபேசியை அவர் குரலைக் கேட்பதற்கும், அவரும் அந்த வாசகத்தில் பங்குகொள்வதற்கும் பயன்படுத்தலாம். கருவி தீயதன்று, அதில் எந்தக் குரல் முதலில் கேட்கின்றது என்பதே வினா.

முதல் வாரம் எளிதாக இருக்கும். இரண்டாம் வாரம் சலிப்புத் தட்டும். சில வாசகங்கள் விளங்காது. விளங்காதவற்றைக் குறித்து வைத்துப் பங்குத்தந்தையிடமோ மறையாசிரியரிடமோ கேளுங்கள். விளங்கிய ஒன்றை அன்றே வாழுங்கள்.

நிறைவாக

நாளைய செய்தி என்னவாக இருக்கும் என்பதை எவரும் அறியார். நாளைய வாசகம் எது என்பதை மாத்திரம் நாம் அறிவோம். அது நாள்காட்டியில் அச்சிடப்பட்டுள்ளது. அறியாத நாளுக்குள் அறிந்த ஒளியோடு செல்வதே கிறிஸ்தவ வாழ்வு. நடந்தவற்றையெல்லாம் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்த அன்னை மரியாள் (லூக்கா 2:19) இதற்கு நமக்கு முன்மாதிரியாவார். பெத்லகேமின் வறுமையையும், எகிப்துக்கான ஓட்டத்தையும், சிலுவையடியின் நாளையும் அவர் கடந்து வந்தது அந்த உள்ளத்தோடுதான்.

டித்வாவினால் வீடிழந்தோரின் துயர் செய்தித் தலைப்புகளிலிருந்து மறைந்தாலும், சரிந்த நிலத்தில் மீண்டும் வாழ்வைக் கட்டியெழுப்ப ஆண்டுகள் செல்லும். செய்தி அவர்களை மறந்துவிடும். இறைவார்த்தையால் உருவாக்கப்பட்ட உள்ளம் மறக்காது. பசித்திருந்தபோதும், அந்நியனாக வந்தபோதும், உடையின்றி நின்றபோதும் தமக்கு நாம் செய்ததை ஆண்டவர் ஒருநாள் நம்மிடம் கேட்பார் (மத்தேயு 25:31-46). அந்தக் கேள்வித்தாளை முன்கூட்டியே நம் கையில் கொடுத்துவிட்ட இரக்கமுள்ள நடுவர் அவர். அதனை நாள்தோறும் திறந்து வாசிக்கும் அருளை நமது குடும்பங்களுக்கு அவர் தருவாராக.